ஆலைத் தெருவின் மேல்பாதி

என்னைக் கேட்டால், ஒருவர் பெயரைத் தெருவுக்கு வைப்பதென்றால் அவர் செத்து நூறு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். அவரைத் தெரிந்தவர்களும் செத்துத் தொலைந்திருக்க வேண்டும். எங்கள் பிரேடன்சென் ஊரில் பதினான்கு மாதம்கூடப் பொறுக்கவில்லை. ஹார்ட்விக் லோமன் ஐயா 1982 ஜூலையில் கண்ணை மூடினார். மறு வருஷம் செப்டம்பரிலேயே ஆலைத் தெருவுக்கு அவர் பெயரை வைக்க நகரசபை நாள் குறித்துவிட்டது.

நான் கெர்டா ராபெ. முப்பத்தெட்டு வருஷம் அவருடைய தட்டச்சுக்காரி. போர்க்காலத்தில் அவர் ரேஷன் அலுவலகத்தில் துணைத் தலைவர், அப்போதே நான் இருந்தேன். பிறகு நகர மேயர், பிறகு மாநில முதலமைச்சர் என்று அவர் ஏறிய ஒவ்வொரு படிக்கும் என் தட்டச்சுப் பொறியைத் தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்திருந்தால் அந்த ஆள் பட்டினியால் செத்திருப்பான், எனக்கு வீட்டில் இருக்க ஏது நேரம்?

ஐயாவைப் பற்றிக் கெட்டதாக ஒரு சொல் சொல்ல இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. கிழக்கிலிருந்து கையில் ஒரு மூட்டையோடு வந்த நாலாயிரம் அகதிகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார். ஆற்றுப் பாலம் அவருடையது, ஆஸ்பத்திரி அவருடையது. முதலமைச்சரான பிறகும் மதியம் அவித்த உருளைக்கிழங்கும் உப்பு மீனும்தான் சாப்பாடு. அறையை விட்டுப் போகும்போது விளக்கை அணைத்துவிட்டுத்தான் போவார். வல்லவன் ஆட்டிய பம்பரம் மணலிலும் ஆடும் என்பார்களே, இவர் இடிபாட்டுக் குவியலிலேயே ஆட்டிக் காட்டினார்.

ஆனால் இந்த ஆட்டம் தொடங்கியது ஒரே ஒரு காகிதத்தில். அதைக் கொடுத்தவள் லீனா கெர்க்கே.

ஆலைத் தெருவில் நான் மேல்பாதியில் மூன்றாம் எண் வீடு. லீனா கீழ்ப்பாதியில், ஓடைக்குப் பக்கத்தில், நாற்பதாம் எண். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அவள் புருஷன் எமில் எங்கள் ரேஷன் அலுவலகத்தில் கிடங்குக்காரனாக இருந்தான். வாய் சும்மா இருக்காது. "ராணி வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்கப்பா" என்று தினமும் காலையில் என்னைக் கேலி செய்வான். 1944 ஜனவரியில் அலுவலகத்தில் கரி இல்லை, என் விரல்கள் விறைத்துப் போய் விசைமேல் வழுக்கின. எமில் தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி, விரல் நுனிகளைக் கத்தரித்து, "இந்தா ராணி, இப்ப அடி" என்று கொடுத்தான். லீனா பின்னிய கையுறை. வீட்டில் போய்த் தொலைந்துவிட்டது என்று சொல்லித் திட்டு வாங்கினானாம்.

அடுத்த மாதமே எமில் மாட்டிக்கொண்டான். கிடங்கில் நாலு பேர் நடுவில், "இந்தப் போர்ல நாம தோத்தாச்சு, தலைமைக்கு மட்டும்தான் தந்தி இன்னும் போய்ச் சேரல" என்று சொல்லியிருக்கிறான். யாரோ எழுதிப் போட்டார்கள். மூன்றாம் நாள் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜூனில் தலையை வெட்டினார்கள். உடலைக்கூடக் கொடுக்கவில்லை, மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

யாரோ என்று எழுதினேன் பாருங்கள், பழக்கம். யார் என்று எனக்குத் தெரியும். தட்டச்சு செய்தவளே நான்தானே.

லோமன் ஐயா அன்று கரி விநியோகத்துக்கு மூன்று கடிதம் சொன்னார், நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன். நாலாவதாக அதே குரலில், அதே வேகத்தில் எமிலைப் பற்றிச் சொன்னார். "கையெழுத்து வேண்டாம். அலுவலகத் தலைப்புத் தாள் வேண்டாம். நகல் வேண்டாம்" என்றார். அவர்மேல் மேலிடத்துக்குச் சந்தேகம் இருந்தது, கட்சி உற்சாகம் போதவில்லை என்று. ஒரு தலை கொடுத்தால் தன் தலை தப்பும் என்று கணக்குப் போட்டார். எனக்கு இருபத்திரண்டு வயது. மறுத்தேனா? இல்லை. அழுதேனா? அதுவும் இல்லை. அடித்தேன், உறையில் போட்டேன், தபாலில் சேர்த்தேன்.

போர் முடியும் தறுவாயில், யாரும் சொல்லாமலே, என் சுருக்கெழுத்து நோட்டுகளை எல்லாம் குளியலறை அடுப்பில் போட்டு எரித்து அந்த வெந்நீரில் குளித்தேன். ஐயாவிடம் சொன்னேன். "நல்ல பொண்ணு" என்றார். அதற்குமேல் அதைப்பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

பிறகு ஜெயித்த பிரிட்டிஷ்காரன் வந்தான், பழைய கட்சிக்காரர்களைப் பதவியிலிருந்து களையெடுக்கக் கேள்வித்தாளோடு. நீ யார், எந்தக் கட்சி, என்ன பதவி, நூற்று முப்பதுக்கு மேல் கேள்வி. அதில் தேற வேண்டுமென்றால் நல்லவர் என்று யாராவது சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். சலவைத்தூள் சீட்டு என்று ஊரே சிரித்தது, அழுக்குச் சட்டை உள்ளே போய் வெள்ளையாக வெளியே வரும் என்று. பாதிரியார் கொடுத்தால் நல்ல சீட்டு. பாதிக்கப்பட்டவர் கொடுத்தால் தங்கச் சீட்டு.

ஐயா ஒரு மூட்டைக் கரியோடு நேராக லீனா வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன், எழுதி எடுக்க. "எமில காப்பாத்த மேலிடத்துக்கு ரெண்டு தடவை போனேம்மா, முடியல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லீனா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அவள் சொன்னதை நான் எழுதினேன்: என் கணவருக்காக உயிரைப் பணயம் வைத்த ஒரே மனிதர் ஹார்ட்விக் லோமன். அவள் கையெழுத்துப் போட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் அதுதான், சோறு பரிமாறியவள் நான்.

அந்தச் சீட்டைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார். தேர்தல் கூட்டம்தோறும் வாசித்தார். ஒவ்வொரு நவம்பரிலும் போரில் இறந்தவர்களுக்கான துக்க நாளன்று எமிலுக்காக அவரே வைத்த வெற்றுக்கல்லில் மலர்வளையம் சாத்துவார். லீனா அவர் கையைப் பற்றி நிற்பாள், நான் குடை பிடிப்பேன். வருஷத்துக்கு ஒருமுறை லீனா அவருக்கு எழுதுவாள்: என் எமிலைக் காட்டிக் கொடுத்தது யார் என்று கண்டுபிடித்துத் தாருங்கள், அது தெரியாமல் எனக்குச் சாவு வராது. வருஷத்துக்கு ஒரு பதில் போகும்: விசாரித்து வருகிறோம். நான்தான் அடிப்பேன். யாரையும் விசாரித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு லீனா வீட்டில் காபி. முப்பத்தைந்து வருஷமாக. கேட்பீர்கள், எப்படி உனக்குத் தொண்டையில் இறங்கியது என்று. இறங்கியது. நல்ல கேக். அந்தக் கையுறைக் கதையை ஒருநாள் அவளுக்குச் சொன்னேன். அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. "ஏண்டி கெர்டா, அந்தக் கையுறைக் கதையச் சொல்லேன்" என்று மாதம் ஒருமுறையாவது கேட்பாள். நானும் சொல்வேன்.

செப்டம்பர் முதல் ஞாயிறு. மேஜைமேல் பிளம்ஸ் கேக், கிண்ணத்தில் கடைந்த பாலேடு. லீனா உட்காரவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"கோர்ட்டுக் கட்டடத்துல நிலவறைய ஒழிச்சாங்களாம். எமிலோட கோப்பு கிடைச்சிருக்கு. நகல் எடுத்து அனுப்பியிருக்காங்க" என்றாள்.

என் முட்கரண்டி தட்டில் மோதிச் சத்தம் போட்டது.

"மொட்டைக் கடுதாசி" என்று ஒரு தாளை என்முன் வைத்தாள். "கையெழுத்து இல்ல. ஆனா தலைல பாரு, இடது ஓரத்துல. ஏதோ குறி. நீ ஆபீஸ்காரி, உனக்குத் தெரியுமே. இது என்னடி?"

பார்த்தேன். லோ/ரா.

ஐயோ! எங்கள் நாட்டு அலுவலகத்தில் எந்தக் கடிதமானாலும் தலையில் குறி போடுவோம். சரிவுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் சொன்னவர், அந்தப் பக்கம் அடித்தவர்: லோமன், ராபெ. தட்டச்சுப் பள்ளியில் அடித்து அடித்துச் சொல்லித் தந்தது, கை தானாகப் போடும். கையெழுத்து வேண்டாம் என்றார், தலைப்புத் தாள் வேண்டாம் என்றார். குறி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மொட்டைக் கடிதத்துக்கு முறைப்படி குறி போட்டு அனுப்பிய ஒரே முட்டாள் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். முப்பத்தொன்பது வருஷம் கழித்து அன்றுதான் எனக்கே அது தெரிந்தது.

"கோர்ட்டுப் பதிவேட்டுக் குறியா இருக்கும்" என்றேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"அதான் சொல்றேனே லீனா. கோப்பு வந்ததும் அவங்க போடுறது. எனக்குத் தெரியாதா?"

லீனா தாளை மடித்து எடுத்துக்கொண்டாள். பிறகு, "சரி, கேக்கைச் சாப்பிடு" என்றாள். நான் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து நகரசபையில் தெருப்பெயர்க் குழு கூடியது. தெருக்காரர்கள் ஆட்சேபம் சொல்ல உரிமை உண்டு. சும்மா ஒரு சடங்கு, அரை மணியில் முடிந்துவிடும். ஒன்பது உறுப்பினர்கள், தலைமை வகித்தது மேயர் டெட்லஃப் வீகெர்ட். ஐயா தூக்கி வளர்த்த ஆள், முடியில் தடவும் எண்ணெயிலிருந்து எல்லாம் ஐயா மாதிரி. ஐயாவின் நினைவுச் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் முன்வரிசையில் இருந்தேன்.

லீனா எழுந்தாள். எழுபத்தொரு வயது, கறுப்புக் கோட்டு, கக்கத்தில் பழைய பிஸ்கட் டப்பா.

"நான் நாப்பதாம் நம்பர் வீடு. என் தெருவுக்கு அந்தப் பேர் வேண்டாம். என் புருஷனைக் காட்டிக் குடுத்தது லோமன். நான் எழுதிக் குடுத்த காகிதத்தையும் திருப்பிக் குடுங்க" என்றாள்.

கூடம் சலசலத்தது. வீகெர்ட் சிரித்தபடியே நகரசபைச் சுவரில் இப்போது மாட்டியிருந்த அந்தச் சீட்டைச் சட்டத்தோடு எடுத்து வந்து அவள்முன் வைத்தான்.

"கெர்க்கே அம்மா, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"சத்தியம் பண்ணி எழுதியிருக்கீங்க. அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா? எங்களுக்கும் தெரியணும்ல?"

"அன்னைக்கு எனக்குத் தெரியாது."

"இன்னைக்கு யார் சொன்னா?"

லீனா கடித நகலை நீட்டினாள். அவன் தலையிலிருந்து அடிவரை படித்துவிட்டு என்னிடம் கொடுத்தான். "ராபெ அம்மா, ஐயாகிட்ட அவ்வளவு வருஷம் இருந்தவங்க நீங்க. இந்தக் குறி என்ன? சொல்லுங்க, முடிச்சிடலாம்."

லீனா என் பக்கம் திரும்பினாள். "சொல்லு கெர்டா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். ஐயா சொன்னார், நான் அடித்தேன். ஆனால் அந்த வாக்கியத்தின் பின்பாதியில் நான் இருக்கிறேனே! அதுவும் போக, அந்தப் பெயரை விட்டால் என் ஆயுசில் வேறு என்ன இருக்கிறது?

"கோர்ட்டுப் பதிவேட்டுக் குறி" என்றேன்.

லீனா தலையாட்டினாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தாள். ரேஷன் அலுவலகத் தாள், மேயர் தாள், முதலமைச்சர் தாள். விசாரித்து வருகிறோம், விசாரித்து வருகிறோம், விசாரித்து வருகிறோம். வருஷத்துக்கு ஒன்றாக முப்பத்தைந்து. ஒவ்வொன்றின் தலையிலும், இடது ஓரத்தில், லோ/ரா.

"இதெல்லாமும் கோர்ட்டுல போட்டதா?" என்றாள்.

 வீகெர்ட் பத்து நிமிஷ இடைவேளை என்றான். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனான். என்னைக் கூப்பிடவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது அவன் குரலில் பரிதாபம் சொட்டியது.

"கடிதத்துல ஐயாவோட கையெழுத்து இல்ல. குறியை அடிக்கிறது யாரு? தட்டச்சு பண்றவங்க. அவங்க யார் பேரை வேணும்னாலும் போட்டுக்கலாம். அந்த ஆபீஸ்ல எத்தனை தட்டச்சுக்காரி இருந்தாங்க, ராபெ அம்மா?"

"நான் மட்டும்தான்."

"ஐயா சொல்லித்தான் எழுதுனீங்கன்னா சுருக்கெழுத்து நோட்டு இருக்கணுமே. எங்க?"

"எரிஞ்சு போச்சு."

"குண்டு விழுந்தா?"

"இல்ல. எரிச்சிட்டேன்."

"யாராவது எரிக்கச் சொன்னாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். யாரும் சொல்லவில்லை. அதுதான் உண்மை. கடைசியில் உண்மையைச் சொன்னேன், அதுவே என் கழுத்துக்குச் சுருக்காயிற்று.

"யாரும் சொல்லல."

"இப்ப சபையிலயே பதிவேட்டுக் குறின்னு பொய் சொன்னதும் நீங்கதான்" என்று அவன் பெருமூச்சு விட்டான். "இருபத்திரண்டு வயசு. அந்தக் காலத்து வெறி. பாவம், ஐயாவுக்கே தெரியாம அவர் பேர்ல."

"இல்ல! அவர்தான் சொன்னார்! அவர்தான்..." என்று கத்தினேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் லீனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீகெர்ட் அவள் பக்கத்தில் குனிந்தான். ஆலைத் தெருவை இரண்டாகப் பிரிக்கலாம் என்றான். மேல்பாதி ஹார்ட்விக் லோமன் தெரு. ஓடைப் பக்கம் கீழ்ப்பாதி எமில் கெர்க்கே தெரு. பழைய காகிதத்தை இப்போதே திருப்பித் தருகிறோம். பதிலுக்கு ஒரே ஒரு சின்ன அறிக்கையில் கையெழுத்து: காட்டிக் கொடுத்தது தட்டச்சுக்காரி கெர்டா ராபெ, லோமனுக்கு இதில் பங்கில்லை.

லீனா ஒருமுறை என்னைப் பார்த்தாள். பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். சட்டத்திலிருந்து பழைய சீட்டை உருவி, நாலாக மடித்து, பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடினாள். கை தூக்கினார்கள், ஒன்பதுக்கு ஒன்பது.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். எனக்கு அதைச் சொல்லவும் வழியில்லை, பாவத்திலும் பாதி என்னுடையது. ஐயாவை இரண்டாம் முறையும் வெளுத்துக் கொடுத்தவள் லீனாதான். இந்தத் தடவை அழுக்குத் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள்.

அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ரொட்டிக் கடைக்காரி என் கண்முன்னே, "தீந்துபோச்சு" என்றாள், தட்டு நிறைய ரொட்டி இருந்தது. சங்கத்திலிருந்து நீக்கிக் கடிதம் வந்தது. பத்திரிகைக்கு எழுதினேன். ஆதாரம் இருந்தால் அனுப்பவும் என்று இரண்டு வரி பதில். அந்த இரண்டு வரிக்கும் தலையில் முறைப்படி குறி போட்டிருந்தார்கள்.

ஞாயிறு மூன்று மணிக்கு லீனா வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு கையகலம் திறந்தாள், சங்கிலியை எடுக்கவில்லை. உள்ளே ஒரே ஒரு கோப்பை வைத்திருப்பது தெரிந்தது.

"அவன்தான்னு உங்களுக்குத் தெரியும்" என்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஐயாவை அவன் என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சும் அப்படிக் கையெழுத்துப் போட்டீங்களே! எய்தவன் இருக்க அம்பை ஏன் நோகணும் லீனா?"

"எய்தவன் எங்க இருக்கான்? மாலை மரியாதையோட மண்ணுக்குள்ள போய்ட்டான். அவனை நான் என்ன பண்ண முடியும்? அம்புதான் முப்பத்தஞ்சு வருஷமா என் வீட்ல உக்காந்து கேக் தின்னுச்சு" என்றாள்.  "கோப்பு வந்த அன்னைக்கே டப்பாவத் திறந்து பாத்துட்டேன்டி. எல்லாம் தெரிஞ்சுதான் உனக்கு கேக் சுட்டேன். நீயே சொல்லிட்டா மன்னிச்சிடலாம்னு இருந்தேன். வீட்ல ஒரு தடவை, சபையில ஒரு தடவை. ரெண்டு தடவை கேட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. 1944இல் வந்திருக்க வேண்டிய அழுகை.

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றாள். "அந்தக் கடுதாசிய எந்த மாசம் அடிச்ச?"

"பிப்ரவரி."

"ஆபீஸ்ல கரி இருந்துச்சா?"

"இல்ல."

"அப்போ கையுறை போட்டுட்டுத்தான் அடிச்சியா?"

இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை. "ஆமா" என்றேன்.

லீனா கதவைச் சாத்தினாள். சாவி இரண்டு முறை திரும்பியது. வாசலில் அந்த வாரமே மாட்டிய நீலத் தகட்டில் எமில் கெர்க்கே தெரு, 40 என்று இருந்தது. நான் மேட்டில் ஏறி என் பாதிக்கு வந்து சேர்ந்தேன்.